சுவர் வராத நாள்

அன்று காலை ஏழேகாலுக்கு அந்த இடத்தில் இருந்தவர்கள்: டைரக்டர் சேஷகிரி காரு, அப்பா வேடம் போட்ட பெரியவர், காமிராமேன், அவருடைய உதவியாளர்கள் இரண்டு பேர், ஒலிப்பதிவு செய்பவர், மேக்கப்காரர், லைட்மேன்கள் இருவர், டீ கொடுப்பவர், புரொடக்‌ஷன் மேனேஜர் நரசிங்க ராவ், உதவி டைரக்டர் சுஜாதா, வீட்டுக்காரர் எல்லய்யா, அவர் மனைவி, குதிரைக்காரர் யூசுஃப் பாய், ப்ராப்பர்ட்டி பொறுப்பில் இருந்த நான். மொத்தம் பதினாறு பேர். இது போக ஒரு வெள்ளைக் குதிரை. வந்திருக்க வேண்டியது, வராதது: ஒரு சுவர்.

இப்படிக் கறாராக எழுதக் காரணம் இருக்கிறது. அந்தக் குதிரையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் தாங்களும் அன்று அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். மகன் வேடம் போட்டவர்கூடச் சொல்கிறார். அவர் அன்று ஊரிலேயே இல்லை. போன மாதம் சுஜாதா ஒரு டி.வி. பேட்டியில், "அந்தத் தப்பு என்னுடையது. ப்ராப்பர்ட்டி சாமி பாபாய்தான் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றினார்" என்று சொல்லிவிட்டார். பாபாய் என்றால் தெலுங்கில் சித்தப்பா, காரு என்றால் மரியாதைக்குச் சேர்க்கிற 'அவர்கள்'. அன்றிலிருந்து தொழிலுக்குப் புதிதாக வந்த பையன்கள் போன் செய்து, "ஐயா, நீங்கள் பெரிய மனுஷன்" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவசரமாகப் போனை வைத்துவிடுகிறேன். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் இப்படி. ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். வாழ்க்கையில் எழுதியதெல்லாம் சாமான் லிஸ்ட்தான். இருந்தாலும் இதை எழுதிவிடுவது நல்லது.

என் பெயர் ஆரோக்கியசாமி. சொந்த ஊர் குடியாத்தம். கோடம்பாக்கத்தில், படங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுகிற கடையில் ஒன்பது வருடம் தூசி தட்டினேன். தெலுங்குப் படங்கள் ஹைதராபாத்துக்குக் குடி பெயர்ந்தபோது என் கடை முதலாளியும் பெயர்ந்தார். தூசியும் பெயர்ந்தது, நானும் பெயர்ந்தேன். சிகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்தில் பிலோமினாவைக் கட்டினேன். கிருஷ்ணா நகரில் வீடு. அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

ப்ராப்பர்ட்டிக்காரன் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு: படத்தில் நடிகர் கை படுவதெல்லாம் நான் கொண்டுவந்தது. டம்ளர், குடை, மூக்குக்கண்ணாடி, கல்யாணப் பத்திரிகை, கோழி. ஒரு காட்சியில் டம்ளர் மேசைக்கு இடது பக்கம் இருந்தால், இருபது நாள் கழித்து அதே காட்சியின் மிச்சத்தை எடுக்கும்போதும் அதே டம்ளர் அதே இடது பக்கம் இருக்க வேண்டும். வேறு டம்ளர் வந்தால் யாருக்கும் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. அதனால் எல்லாவற்றையும் மூன்று தடவை எண்ணுவேன். வண்டியில் ஏற்றும்போது ஒரு தடவை, இறக்கும்போது ஒரு தடவை, காரணமே இல்லாமல் நடுவழியில் ஒரு தடவை.

லிஸ்ட் எழுதுவதிலும் எனக்கு ஒரு முறை உண்டு. உதவி டைரக்டர் தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். மற்ற விவரங்களைத் தமிழாக்கிவிடுவேன். பொருளின் பெயரை மட்டும் அவர்கள் சொன்னபடியே எழுதுவேன். அந்தப் பெயரைச் சொல்லித்தானே கடையில் கேட்க வேண்டும்? இந்த முறை பதினைந்து வருடம் என்னைக் காப்பாற்றியது. பதினாறாவது வருடம் குதிரை வந்தது.

படம் ஒரு அமைதியான குடும்பப் படம். பெயர் வேண்டாம். ஒன்பது நாள் ஓடியது. மாதாபூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் மகன், ஊரில் தனியாக இருக்கும் அப்பாவைத் தன் ஃப்ளாட்டுக்கு அழைத்து வருகிறான். அப்பாவுக்கு லிஃப்ட் பிடிக்கவில்லை, மகனுக்கு அப்பாவின் தும்மல் பிடிக்கவில்லை. யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டரை மணி நேரம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். சேஷகிரி காருவும் அப்படிப்பட்ட மனிதர்தான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. சொல்லப்போனால் அவர் குரலையே அதிகம் கேட்டதில்லை. உதடு அசையும். பக்கத்தில் நிற்கும் சுஜாதா காதைக் கொடுத்து வாங்கி எங்களுக்குச் சொல்வார். "சைலன்ஸ்" என்று கத்துவதும் சத்தம்தானே என்று அதற்குப் பதிலாகப் பச்சைத் துணி ஒன்றை ஆட்டச் சொல்லியிருந்தார். நூறு பேர் கால் விரலில் நடந்த படம் அது.

கிராமத்துக் காட்சிகளுக்குச் சேவெள்ளா பக்கம் எல்லய்யாவின் வீட்டைப் பிடித்திருந்தார்கள். முக்கியமாக அந்த வீட்டின் பக்கச் சுவருக்காகத்தான் பிடித்தார்கள். சுண்ணாம்பு உரிந்து, லேசாகச் சாய்ந்து நின்ற மண் சுவர். கடைசிக் காட்சியில் மகன் வீட்டை விற்றுவிட, அப்பா அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு, "நீயாவது நிக்கிறியே" என்று ஒரே ஒரு வரி சொல்வார். அந்த வரிக்காகத்தான் படமே. எல்லய்யாவுக்கு முன்பணம் கொடுத்தார்கள். எல்லய்யா அந்தப் பணத்தில் முதல் வேலையாக அந்தப் பழைய சுவரை இடித்துவிட்டு, சிமெண்ட் சுவர் எழுப்பி, ரோஸ் கலர் அடித்துவிட்டார்.

"சினிமாக்காரங்க வர்றாங்க, அசிங்கமா இருக்கக் கூடாதுல்ல சார்" என்றார். சேஷகிரி காருவின் உதடு அசைந்தது. சுஜாதா எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தப் படத்தில் இப்படித்தான் எல்லாமே தலைகீழ். அப்பா ஊரிலிருந்து கொண்டுவருகிற கத்தரிக்காயை நான் போவன்பள்ளி மார்க்கெட்டில் வாங்கினேன். ஊர்க்காரர்கள் அன்று காலைதான் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். கிராமத்திலிருந்து வந்த கத்தரிக்காய் கிராமத்துக் கத்தரிக்காய் மாதிரித் தெரிய, நான் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மண் பூசினேன்.

அந்த மாதம் பெரியவரின் தேதி ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. மாலை நான்கு மணிக்கு அவர் விமானம் ஏற வேண்டும். முந்தின நாள் நான் அமீர்பேட் வழியாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது சுஜாதா போன் செய்தார். பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஹாஸ்டல் பையன்கள் எல்லோரும் என் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் யாரோ கையில் திணித்த ஜாவா கோச்சிங் நோட்டீஸின் பின்பக்கத்தில், ஒருவர் முதுகை மேசையாக வைத்து எழுதினேன். விட்டுவிட்டுக் கேட்டது. கேட்டதை எழுதினேன். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளபடி:

பழைய கோடா – 1. வாடகைக்கு. வெள்ளை. அங்கங்கே உரிஞ்சது. உயரம் 5 அடி. ஆணி அடிச்சிருக்கணும். பெரியவர் சாய்ஞ்சு நிப்பார், அசையக் கூடாது. சாபா – 2. புட்டா – 1.

தெலுங்கில் 'கோட' என்றால் சுவர். ஹிந்தியில் 'கோடா' என்றால் குதிரை. பஸ்ஸை விட்டு இறங்கித் தாளைப் பார்த்தபோது அதில் இருந்தது 'கோடா'.

என்னை முட்டாள் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். சுவர் என்பது ப்ராப்பர்ட்டிக்காரன் கணக்கில் வருகிற சாமான் இல்லை. சுவரை ஆர்ட் டைரக்டரின் ஆசாரிகள் பலகையில் செய்வார்கள். அந்த ஆர்ட் டைரக்டர் வேறு படத்துக்குப் போய்விட்டதும், ஸ்டுடியோ கோடவுனில் பழைய பலகைச் சுவர் வாடகைக்குக் கிடைப்பதும், அதனால் சுவரை என் தலையில் கட்டியதும் எனக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் குதிரை என் கணக்கில் ஏற்கெனவே இருந்தது. மகனுடைய கல்யாணக் காட்சிக்காக, மாப்பிள்ளை ஏறி வர, ஹைதராபாத்தின் கார்வான் பகுதியிலிருந்து யூசுஃப் பாயின் குதிரையை இரண்டு மாதம் முன்பு வாடகைக்குக் கொண்டுவந்திருந்தேன். வெள்ளைக் குதிரை. ஆகவே 'பழைய கோடா' என்றால் எனக்கு ஒரே ஒரு பொருள்தான் தோன்றியது: போன தடவை வந்த அதே குதிரை. வேறு குதிரை ஆகாது. அதற்கு வயதாகி முதுகில் அங்கங்கே முடி உரிந்திருந்தது. உயரம் ஐந்து அடி. ஆணி அடித்திருக்க வேண்டும் என்றால் லாடம். அசையக் கூடாது என்றால் சாதுவாக இருக்க வேண்டும். என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவான லிஸ்ட் எனக்கு வந்ததில்லை.

உடனே கார்வானுக்குப் போனேன். குதிரைக்கு லாடம் தேய்ந்திருந்தது. "ஆணி அடிச்சிருக்கணும்னு எழுதியிருக்கு" என்று பிடிவாதமாக நின்று, என் கைக்காசைக் கொடுத்துப் புது லாடம் அடிக்க வைத்தேன். ஒருவேளை அதே குதிரை இல்லையோ என்று சந்தேகம் வந்து, பழைய போட்டோவை வைத்து வலது காதின் மச்சத்தைச் சரிபார்த்தேன்.

யூசுஃப் பாய் சிரித்தார். "சாமி பாய், கல்யாணத்துக்குப் பொண்ணைக்கூட எவனும் இப்படிப் பார்க்கிறதில்லை."

மறுநாள் காலை ஏழேகாலுக்குச் சிறிய லாரியிலிருந்து சுல்தான் இறங்கியது. அதுதான் குதிரையின் பெயர். நான் தாளை எடுத்து டிக் போட்டேன். சாபா இரண்டு, அதாவது பாய். புட்டா ஒன்று, அதாவது கூடை. எல்லாம் சரி. நிமிர்ந்து பார்த்தால் யாரும் பேசவில்லை. அந்தப் படத்தில் யாரும் பேசாமல் இருப்பது சாதாரணம் என்பதால் நான் முதலில் கவனிக்கவில்லை.

நரசிங்க ராவ்தான் வந்தார். "ஏமய்யா சாமி, சுவர் எங்கே?"

"எந்தச் சுவர் சார்?"

"சுவரய்யா! பழைய சுவர்! பாத கோட!"

"இதோ நிக்குதே சார்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் காதிலேயே அந்தச் சொல் இரண்டாகப் பிளந்தது.

எல்லய்யா முன்னால் வந்தார். "சுவர்தானே சார்? நம்ம சுவர் இருக்கே! புதுசு!"

சேஷகிரி காரு குதிரையைப் பார்த்தார். ரோஸ் சுவரைப் பார்த்தார். மறுபடி குதிரையைப் பார்த்தார். சுஜாதாவின் கையில் அப்பா கதாபாத்திரத்தின் இறந்துபோன மனைவியின் போட்டோ இருந்தது. சுவரில் மாட்டுவதற்காக வைத்திருந்தது. "இதை எங்கே மாட்டறது?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் குதிரையைப் பார்த்தோம்.

"ஆணி இருக்கு" என்றேன். "கால்ல."

இந்த நேரத்தில் பெரியவர் மேக்கப் முடிந்து வந்தார். அவர் எந்தப் படத்துக்கும் கதை படித்துவிட்டு வருவதில்லை. வந்து நிற்பார், வரியைக் கேட்பார், சொல்வார், எல்லோரும் அழுவோம். குதிரையைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"சுவர்னு சொன்ன மாதிரி ஞாபகம்."

நரசிங்க ராவ் முந்திக்கொண்டார். "மாத்திட்டோம் சார்."

"நல்லது. நாப்பது வருஷமா சுவத்துல சாஞ்சே அழுதுட்டேன்." கையை வைத்து அதன் விலாவைத் தடவினார். "இது மூச்சு விடுது." அப்படியே சாய்ந்தார்.

சேஷகிரி காருவின் உதடு அசைந்தது. சுஜாதா எங்களிடம் திரும்பி, "எடுக்கலாம்னு சொல்றார்" என்றார்.

பச்சைத் துணியை ஆட்டினார்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். அமைதி இறங்கியது. சுல்தான் மிரண்டு பின்னால் நகர்ந்தது. பெரியவர் விழப்பார்த்தார். மறுபடி பச்சைத் துணி, மறுபடி மிரட்சி. காரணம் யூசுஃப் பாய்க்குத்தான் தெரிந்தது. அந்தக் குதிரை பிறந்தது கார்வான், வளர்ந்தது கல்யாண மண்டபம். கிராமத்தையும் வயலையும் அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறது.

"சாமி பாய், இதுக்கு சைலன்ஸ் பழக்கம் இல்லை. பேண்டு வாசிச்சாத்தான் அசையாம நிக்கும்."

அவருடைய லாரியில் கல்யாணப் பேண்டு கேசட் இருந்தது. ஒலிப்பதிவு செய்பவர் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த அமைதியான படத்திலேயே மிக அமைதியான காட்சியை, டிரம்மும் ட்ரம்பெட்டும் முழங்க எடுத்தோம். சுல்தான் மலை மாதிரி நின்றது. பெரியவர் அதன் கழுத்தில் முகத்தை வைத்து, போட்டோவை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, "நீயாவது நிக்கிறியே" என்றார். ட்ரம்பெட் ஒரு பிசிறு தட்டியது. காமிராமேன் அழுதார். எல்லய்யாவின் மனைவி அழுதார். பேண்டு சத்தத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டே லைட்மேன்கள் அழுதார்கள். நான் மட்டும் அழவில்லை. இனி என்ன நடக்குமோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர் விமானத்துக்குக் கிளம்பியதும் விசாரணை தொடங்கியது. நரசிங்க ராவ் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணுதான் ஹிந்தியும் தெலுங்கும் கலந்து பேசும். 'கோடா லானா', குதிரை கொண்டான்னு ஹிந்தில சொல்லியிருப்பா."

சுஜாதா என்னைப் பார்த்தார். "நான் கோடன்னுதான்... இல்ல... பாபாய், நான் என்ன சொன்னேன்?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். தமிழ் படிக்கத் தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். படித்தேன்: "பழைய கோடா, ஒன்று."

"பார்த்தியா! கோடா!" நரசிங்க ராவ் தொடையில் தட்டினார். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா."

இங்கேதான் நான் ஒரு விஷயத்தை ஒளிவு மறைவில்லாமல் எழுத வேண்டும். அதே தாளில் கீழே 'சாபா', 'புட்டா' என்று இருந்தது. தெலுங்கில் பாய்க்குப் பெயர் சாப. கூடைக்குப் பெயர் புட்ட. உலகத்தில் எந்தத் தெலுங்குக்காரரும் சாபா, புட்டா என்று இழுப்பதில்லை. போனில் கேட்டு எழுதினால் என் கை தன்னால் கடைசியில் ஒரு துணைக்கால் போட்டுவிடும். ஆகவே 'கோடா'வில் இருந்த துணைக்காலும் என்னுடையதுதான். அந்தப் பெண் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அந்த இடத்திலேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அடுத்தவர் கீழே உதவியாளாக இருந்துவிட்டு, தனிப் பொறுப்பில் அது என் முதல் படம். சங்கத்துக்குப் புகார் போனால் மறுபடியும் தூசி தட்டப் போக வேண்டும்.

சுஜாதா யார் என்று சொல்லவில்லையே. சித்திப்பேட்டைப் பக்கத்து விவசாயியின் மகள். அப்பா இரண்டு ஏக்கரை விற்று இன்ஜினியரிங் படிக்க வைத்தார். ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்தது. அதை விட்டுவிட்டு யாருக்கும் சொல்லாமல் சினிமாவுக்கு வந்துவிட்டார். அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். தினமும் காலையில் பழைய கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பி, ஆட்டோவில் கழற்றிப் பைக்குள் போடுவார். வேலையை விடும்போது அட்டை தொலைந்துவிட்டதாகச் சொல்லி, அபராதம் கட்டி வைத்துக்கொண்டது. திரையில் தன் பெயர் வருகிற அன்றைக்கு அப்பாவைத் தியேட்டருக்கு அழைத்துப் போய் உண்மையைச் சொல்வதாகத் திட்டம். பாதியில் விலக்கப்பட்ட உதவி டைரக்டருக்குத் திரையில் பெயர் வராது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் வேனில் ஏறும் முன் அந்த அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். நாடா காதில் சிக்கிக்கொண்டது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். அவள் பேசுவது சிகந்திராபாத் தமிழ்: ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம்.

"அந்தப் பொண்ணு கோடன்னு சொன்னுச்சா, கோடான்னு சொன்னுச்சா?"

"கோட."

"நெஜமா?"

"நெஜமா."

"ஹவ். அப்போ கைக்குய்யா வாய மூடினு நின்னே?"

"பயமா இருந்துச்சு."

"பயம் உனக்கு, வேல போறது அவளுக்கா? நல்லா இருக்கே!" வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "காலைல மொதல்ல போயி சொல்லு. இந்த மூஞ்சிய வெச்சினு வூட்ல ஒக்காராதே, நக்கோ."

மறுநாள் நரசிங்க ராவ் முன்னால் போய் நின்றேன். வழி முழுவதும் பேச்சைத் தயார் செய்திருந்தேன். அங்கே போனதும் "சார், துணைக்கால் என்னுது" என்றுதான் வந்தது.

அவருக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. தரையில் குச்சியால் தமிழ் எழுதிக் காட்டினேன். கடைசியில் கேட்டார்: "அதாவது, தப்பு உன்னுது?"

"ஆமா சார்."

"அப்போ குதிரையும் உன்னுது."

"புரியலை சார்."

"பட்ஜெட்ல சுவர் இருக்கு. ஆயிரத்து ஐந்நூறு. குதிரை இல்லை. சுவருக்கு உண்டானதை அந்த பாய்க்குக் குடுத்துடறேன், கணக்குல சுவர்னே எழுதிக்கறேன். மேல ஆகறது தப்புப் பண்ணவன் குடுக்கணும்."

"சுஜாதாம்மா?"

"அவ வரட்டும். போன் பண்ணிச் சொல்லிடறேன்."

நிம்மதியாக இரண்டு அடி வைத்திருப்பேன். தோளில் ஒரு கை. சேஷகிரி காரு. உதடு அசைந்தது. நான் காதைக் கொண்டுபோனேன்.

"சாமி, தப்புன்னு எங்கேயும் சொல்லாதீங்க. குதிரை நான் யோசிச்சது."

"சார், நேத்து காலைல நீங்களே..."

"நேத்து சாயங்காலம் யோசிச்சேன்."

அதாவது யோசனை அவருடையது, வாடகை என்னுடையது. அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசிக் காட்சியில் குதிரை வந்துவிட்டதால், படத்தின் நடுவிலும் அது வர வேண்டுமே! அப்பா குதிரையோடு மாதாபூருக்கு வருகிறார் என்று மாற்றிவிட்டார்கள். பெரியவர் அடுத்த மாதம் மறுபடி தேதி கொடுத்தார். இன்னும் பத்து நாள். நாளுக்கு எழுநூறு. டைரக்டர் மெதுவாக "ஒன் மோர்" என்பார். அவர் பேசுகிற வேறெதுவும் யாருக்கும் கேட்காது. அந்த ஒரு சொல் மட்டும் நான் எங்கே நின்றாலும் கேட்டது.

மாதாபூர் ஃப்ளாட்டில் எடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். அபார்ட்மெண்ட் செக்ரட்டரி விதிமுறைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். "நாய்க்குத் தடை இருக்கு. குதிரைக்கு எதுவும் எழுதலை. அதனால தடுக்க முடியாது" என்று வருத்தத்தோடு அனுமதித்தார். வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டில் எழுதினான்: பெயர் சுல்தான், வருவது கார்வானிலிருந்து, பார்க்க வேண்டியவர் 402. கையெழுத்துக் கட்டத்தைக் காட்டி என்னைப் பார்த்தான். நான் போட்டேன். கீழ்த்தளத்தில் ஏ.சி. ஓடும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. சுல்தான் மிரண்டது. மறுபடி கேசட். கம்பெனி வண்டிக்காகக் கழுத்தில் அட்டையோடு காத்திருந்த பையன்களும் பெண்களும் யாருடைய கல்யாணம் என்றுகூடக் கேட்காமல் ஆடத் தொடங்கினார்கள்.

படம் வந்தது. ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். ஆனால் ஏதோ விழாவில் பரிசு கிடைத்தது. நகரத்தின் அவசரத்துக்கு நடுவே அசையாமல் நிற்கும் கிராமத்தின் ஆன்மாதான் அந்தக் குதிரை என்று பத்திரிகையில் எழுதினார்கள். எனக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது. யாராவது உற்றுப் பார்த்தால், ஆன்மாவின் காதுகள் பேண்டுக்குத் தாளம் போடுவது தெரிந்துவிடும்.

முதல் நாள் முதல் ஆட்டத்துக்குச் சுஜாதா அப்பாவை அழைத்து வந்திருந்தார். நானும் பிலோமினாவும் பின் வரிசையில். பெயர்கள் ஓடின. சுஜாதாவின் பெயர் வந்தது. அவர் அப்பாவின் கையைப் பிடித்துத் திரையைக் காட்டினார். அந்த மனிதர் திரையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். படம் முடிந்து வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஏம்மா, நம்ம பக்கத்துல யாரு குதிரை வெச்சிருக்கா?"

"அது என் தப்பு நாய்னா" என்றார் சுஜாதா. "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். சாமி பாபாய் தன் மேல போட்டுக்கிட்டார்."

"அதனால என்ன. நானும்தான் இவ்வளவு நாளா நீ ஆபீஸ்ல இருக்கறதா தப்பா நெனச்சேன்" என்று அவர் சிரித்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மண் வெட்டிக் காய்த்த கை. அதற்குள் என் கை இருந்தபோது எப்படி மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "சுஜாதாம்மா, நீ சரியாத்தான் சொன்னே."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க பாபாய்."

தாளைக் காட்டினேன். சாபாவையும் புட்டாவையும் விரல் வைத்துக் காட்டினேன்.

"எனக்கு உங்க எழுத்து எல்லாமே ஒரே மாதிரி இருக்கு பாபாய்." அவ்வளவுதான். இப்போது சொந்தமாகப் படம் எடுக்கிறார், நல்ல பெயர். ஆனால் ஒவ்வொரு லிஸ்ட்டையும் தன் உதவியாளர்களை மூன்று மொழியில் திருப்பிச் சொல்ல வைக்கிறாராம். தன் வாய் மேல் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. நான் செய்த கெடுதல் அதுதான். வேலை போகவில்லை, பெயர் வந்தது, எல்லாம் சரி. ஆனால் சரியாகச் சொன்ன ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னதாக நம்பிக்கொண்டு ஒரு பெண் எட்டு வருடமாகப் பயந்து பயந்து பேசுகிறாள். பயந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

யூசுஃப் பாய்க்குப் பதினோரு நாள் வாடகை ஏழாயிரத்து எழுநூறு. சுவர் என்ற பெயரில் ஆயிரத்து ஐந்நூறு போய்ச் சேர்ந்தது. மிச்சத்தை வேலை கிடைத்த மாதங்களில் நூறும் இருநூறுமாக நான் கொடுத்து வந்தேன். நாலாயிரத்து நூறு பாக்கி இருந்தபோது ஒருநாள் கார்வானுக்குப் போனால், யூசுஃப் பாய் கையை விரித்தார்.

"கணக்கு முடிஞ்சுது சாமி பாய். டைரக்டர் மேடம் வந்து மொத்தமா குடுத்துட்டுப் போச்சு. என் தப்புக்கு அவர் எவ்வளவு நாள் கட்டுவார்னு சொல்லுச்சு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "நீங்க எப்படி வாங்கலாம்? குதிரை யாருது?"

"என்னுது."

"தப்பு யாருது?"

அவர் யோசித்தார். "உன்னுது."

"அப்போ திருப்பிக் குடுங்க."

மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் கொடுத்துவிட்டார். அந்தப் பணத்தைச் சுஜாதாவின் ஆபீஸில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அழுதார், நான் இன்னும் பெரிய மனுஷனாகிவிட்டேன். என்ன செய்தாலும் அப்படித்தான் ஆகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் தெரிந்த யாராவது இதைச் சுஜாதாவுக்குத் தெலுங்கில் படித்துக் காட்டுங்கள். அவர் வாயில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லுங்கள். யாரும் எனக்காகக் கார்வானுக்குப் போக வேண்டாம். பணம் திரும்பிப் போன பிறகு நான் இரண்டு தடவை முந்நூறு முந்நூறாகக் கொடுத்திருக்கிறேன். யூசுஃப் பாய்க்கு ஆரோக்கியசாமி தர வேண்டிய பாக்கி, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.